நிழலைப் படிக்கும் கண்

புதுச்சேரியின் கோரிமேட்டில் பேருந்தை விட்டு இறங்குவோர் பலரின் கைகளில் பெரிய உறை ஒன்று இருக்கும். அதனுள் எக்ஸ்ரே படமோ ஸ்கேன் படமோ இருக்கும். விழுப்புரம், கடலூர் மாவட்டச் சிற்றூர்களிலிருந்தும் மக்கள் தேடிவரும் ஜிப்மர் மருத்துவமனை அங்குதான் உள்ளது. பிரெஞ்சுக்காரர் 1823ஆம் ஆண்டில் தொடங்கிய மருத்துவப் பள்ளியே, இன்று புற்றுநோய்க்கெனத் தனி மையம் கொண்ட பெருநிறுவனமாய் வளர்ந்து நிற்கிறது. உறையைச் சுமந்து வருபவருக்கு அப்படம் வெறும் நிழல். மருத்துவருக்கோ படித்தறிய வேண்டிய ஏடு.

1895ஆம் ஆண்டில் ராண்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தபோது, உடலைத் திறவாமலே உள்ளுறுப்பைக் காணும் வழி பிறந்தது. ஆயினும் காண்பது வேறு. கண்டதை உணர்வது வேறு. மார்பகத்தைக் காட்டும் மேமோகிராம் படத்தில் அடர்ந்த திசுவும் வெண்மை; புற்றுக்கட்டியும் வெண்மை. மேகத்திரளுக்குள் ஒரு சிறு மேகத்தைத் தேடுவது போன்றது அப்பணி. நாள் முழுதும் தேடும் கண் சோர்வடையும். ஆதலால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் ஒரே படத்தை இரு மருத்துவர் தனித்தனியே படிக்கின்றனர். கதிரியல் மருத்துவர் போதிய அளவில் இல்லாத இடங்களில் அது எளிதன்று.

இவ்விடத்தில்தான் இயந்திரக் கற்றல் துணைக்கு வருகிறது. கட்டி இப்படித்தான் இருக்கும் என்று கணினிக்கு எவரும் விதி வகுத்துத் தருவதில்லை. திசு ஆய்வால் முடிவு தெரிந்த பல்லாயிரம் படங்கள் அதன்முன் வைக்கப்படுகின்றன. கணினி ஊகிக்கிறது, விடையோடு ஒப்பிடுகிறது, பிழைக்கேற்பத் தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. பசுவையும் எருமையையும் பார்த்துப் பார்த்தே பிரித்தறியும் குழந்தையைப் போல அதுவும் தேர்ச்சி பெறுகிறது.

சுவீடனில் 80,000 பெண்களை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வின் முதல் முடிவுகள் 2023ஆம் ஆண்டில் வெளியாயின. வழக்கமான முறையில் 203 பெண்களுக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டது; கணினியின் துணைகொண்ட பிரிவில் 244 பெண்களுக்குக் கண்டறியப்பட்டது. மருத்துவர் படம் படிக்கும் சுமையும் 44 விழுக்காடு குறைந்தது.

எனினும், கற்ற பாடத்தின் அளவே கணினியின் அறிவு. ஒரு நாட்டுப் பெண்களின் படங்களில் பயின்றது, வேறொரு நாட்டுப் பெண்களிடம் தடுமாறக்கூடும். சர்க்கரை நோயால் விழித்திரைக்கு நேரும் கேட்டைக் கண்டறியும் கணினி முறையை உருவாக்கியபோது, அரவிந்த் கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் அதற்குப் பாடமாயின. புற்றுநோய்க்கும் அத்தகைய உழைப்பு தேவை. இம்மண்ணின் மக்களுக்குப் பயன்படும் கருவி, இம்மக்களின் படங்களிலேயே சோதிக்கப்பட வேண்டும்.

கணினி ஐயத்திற்குரிய இடத்தைச் சுட்டும்; நோயை உறுதி செய்வது திசு ஆய்வு. அச்செய்தியைக் கனிவோடு எடுத்துரைத்துச் சிகிச்சைக்கு வழிகாட்டுவது மருத்துவர். அச்சத்தாலோ நாணத்தாலோ, கூலிநாள் வீணாகுமே என்ற கவலையாலோ மருத்துவமனைக்கு வராதிருக்கும் பெண்ணின் நோயை எந்தக் கணினியும் கண்டறியாது. எடுக்கப்படாத படத்தை எக்கண்ணாலும் படிக்க இயலாது. அவளை அங்கு அழைத்து வருவது மனிதரின் கடமை.