கரைந்த எழுத்துக்கு நானே பொறுப்பு

பொம்மிடியில் மனு எழுதி, தட்டச்சு செய்து, பிரிண்ட் எடுத்து, ஜெராக்ஸ் போட்டுக் கொடுக்கும் சிறிய அலுவலகம் என்னுடையது. விலை குறைந்த ஆல் இன் ஒன் பிரிண்டர் ஒன்றை வாங்கித்தான் தொழிலைத் தொடங்கினேன். அது குற்றமில்லை; கையில் காசில்லாத எவரும் அப்படித்தான் தொடங்குவார்கள். அந்த மிஷினின் எழுத்து தண்ணீரில் நிற்காது என்று தெரிந்த பிறகும் அதிலேயே ஒப்பந்தங்களை அடித்துக் கொடுத்தேன். கரைந்துபோன காகிதத்தோடு வந்து நின்ற ஒரு பெரியவரிடம், பழியை அவர் தலையிலேயே போட்டு அனுப்பினேன். என் வாக்குமூலம் அதற்குத்தான்.

கடை திறந்தது கடுமையான மின்வெட்டுக் காலத்தில். 2012-ஐ நினைவிருப்பவர்களுக்குத் தெரியும், எங்கள் பக்கம் பல நாட்களில் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம். அப்போது சின்ன அலுவலகங்களில் எல்லாம் ஹெச்பி எம்1005 லேசர் மிஷின் உட்கார்ந்திருந்தது. நிமிடத்துக்கு 14 பக்கம், மேலே கண்ணாடி வைத்த ஸ்கேனர், உள்ளே 12ஏ கார்ட்ரிட்ஜ். நானும் அதைத்தான் வாங்கியிருக்க வேண்டும். ஆனால் லேசர் மிஷினுக்குள் டோனர் பவுடரை உருக்கி ஒட்டவைக்கும் ஃபியூசர் இருக்கிறது. அது சூடேறும்போது நூற்றுக்கணக்கான வாட் இழுக்கும், சின்ன இன்வெர்ட்டர் தாங்காது. நான் வாங்கிய இங்க்ஜெட் ஒரு சின்ன பல்பு அளவு மின்சாரத்தில் ஓடிவிடும். "கரண்ட் இல்லாட்டியும் நம்ம மிஷின் ஓடும்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னேன்.

அது உண்மைதான், ஆனால் காரணம் அதுவல்ல. லேசர் மிஷினின் விலை மூன்று மடங்கு. சீட்டு எடுத்த பணம் என்னிடம் இருந்தது. அதைக் கண்ணாடிக் கதவுக்கும் ஃப்ளெக்ஸ் போர்டுக்கும் சுழல் நாற்காலிக்கும் செலவழித்துவிட்டு, மிச்சத்தில் பிரிண்டர் வாங்கினேன். வாசலில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிவதற்கெல்லாம் பணம் இருந்தது. அவர் கையில் எடுத்துப் போகப்போகும் காகிதத்துக்கு இல்லை. மின்வெட்டு எனக்கு ஒரு கௌரவமான காரணத்தைக் கொடுத்தது, நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

கணக்கு சீக்கிரமே உதைத்தது. அந்த வகை மிஷின்களில் வரும் சின்னக் கருப்பு கார்ட்ரிட்ஜ் சில நூறு பக்கங்களில் தீர்ந்துவிடும். 700 ரூபாய்க்கு வாங்கும் கார்ட்ரிட்ஜ் 480 பக்கம் அடிக்கிறது என்றால், பக்கத்துக்கு மை மட்டுமே கிட்டத்தட்ட ஒன்றரை ரூபாய். பெட்டியில் போடும் பக்கக் கணக்கும் ஒரு குறிப்பிட்ட மாதிரிப் பக்கத்தை வைத்து அளந்தது. லேசருக்கு ஐஎஸ்ஓ 19752, இங்க்ஜெட்டுக்கு ஐஎஸ்ஓ 24711 என்று அளவு முறைகள் உண்டு. கருப்பு எழுத்துக்கான மாதிரிப் பக்கம் முக்கால்வாசிக்கும் மேல் வெள்ளையாகத்தான் இருக்கும். நாம் அடிப்பதோ இடைவெளி இல்லாமல் நெருக்கிய தமிழ்ப் பத்திரம். ஜெராக்ஸ் எடுப்பது ஆதார் அட்டையை, குடும்ப அட்டையை. படமும் நிழலுமாக அந்தப் பக்கங்கள் மையைக் குடிக்கும். நான்கு நாள் கடை மூடினால் வெயிலில் ஹெட் காய்ந்துவிடும். ஹெட் கிளீனிங் கொடுத்தால் அதற்கும் அதே மைதான் செலவாகும்.

நஷ்டத்தைச் சரிக்கட்ட நான் கண்டுபிடித்த வழி ஊசி. சேலத்தில் விலை குறைந்த மை பாட்டில் வாங்கிவந்து, காலியான கார்ட்ரிட்ஜில் சிரிஞ்ச் வைத்து ஏற்றினேன். அதில் என்ன மை இருக்கிறது என்று கேட்கவில்லை. ஒருநாள் மேசையில் தண்ணீர் கொட்டியது. அடித்து வைத்திருந்த பக்கத்தின் எழுத்துகள் ஊதா நிறத்தில் பரவி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்தன. அந்தக் காகிதத்தைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன். அன்றிலிருந்து எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு இடமில்லை.

அதே தெருவில் லேசர் மிஷின் வைத்த கடை இருந்தது. முத்திரைத்தாளை மட்டும் அங்கே எடுத்துப் போய் அடித்திருக்கலாம், பக்கத்துக்குச் சில ரூபாய் ஆகியிருக்கும். அடுத்த முறை ஆள் நேராக அங்கேயே போய்விடுவார் என்ற பயத்தில் போகவில்லை.

சேர்வராயன் மலையடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து அந்தப் பெரியவர் வந்தார். மரவள்ளி நட இரண்டு ஏக்கரைப் பதினொரு மாதக் குத்தகைக்கு எடுத்திருந்தார். 20 ரூபாய் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் அடித்துக் கொடுத்தேன். நிலத்துக்காரர், இவர், சாட்சிகள் எல்லோரும் பேனாவால் கையெழுத்துப் போட்டார்கள். ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி, சுவரில் மாட்டியிருந்த பை நனைந்திருக்கிறது. உள்ளே இருந்த காகிதத்தை அப்படியே கொண்டுவந்து என் மேசையில் விரித்தார். பால்பாயிண்ட் கையெழுத்துகள் எல்லாம் இருந்த இடத்தில் அப்படியே இருந்தன. அவற்றுக்கு மேலே நான் அடித்த வாசகம் கறையாகிக் கிடந்தது. எவ்வளவு பணம், எந்த சர்வே எண், எத்தனை மாதம் என எதுவும் படிக்க முடியவில்லை.

"தம்பி, நீ அடிச்சுக் குடுத்ததுதான். கையெழுத்து நிக்குது, எழுத்து மட்டும் போயிடுச்சு. ஏம்ப்பா இப்படி?" என்று கேட்டார். காரணம் தெரியாமல் கேட்டார், குற்றம் சாட்டவில்லை.

"நனைய விட்டா எந்தப் பேப்பருங்க தாங்கும்? நீங்கதான் பத்திரமா வச்சிருக்கணும்" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "என் தப்புதான் தம்பி" என்றார்.

அதோடு நான் நிறுத்தவில்லை. புது முத்திரைத்தாளுக்குக் காசு வாங்கினேன், டைப் அடிக்கக் காசு வாங்கினேன், பிரிண்டுக்கும் வாங்கினேன். நிலத்துக்காரரை மறுபடி அழைத்துவர வேண்டியிருந்தது. மறுபடி கையெழுத்துப் போடுவது என்றால் குத்தகைத் தொகையை ஏற்றித் தரச் சொன்னார் அவர். நட்ட மரவள்ளி நிலத்தில் நிற்கிறது, பெரியவரால் என்ன பேச முடியும்? அவர் ஒத்துக்கொண்ட கூடுதல் தொகையை என் கையால்தான் டைப் அடித்தேன். அடித்து, அதே மிஷினில், அதே மையில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

இதை எழுதும்போதும் அந்த இடத்தில் கை நின்றுவிடுகிறது. முதல் முறை அலட்சியம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது காகிதத்தையும் கரையும் மையில் அடித்ததற்கு என்ன பெயர் வைப்பது? அவர் அதன் பிறகு என் கடைக்கு வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை. ஊர் பெயர் தெரிந்திருந்தும் போகவில்லை.

மை ஏன் கரைகிறது என்பதைப் பிறகுதான் விவரமாகத் தெரிந்துகொண்டேன். இங்க்ஜெட்டில் டை இங்க், பிக்மென்ட் இங்க் என்று இரண்டு வகை. டை இங்க்கில் சாயம் தண்ணீரில் முழுதாகக் கரைந்திருக்கும். காகிதத்தில் காய்ந்த பின்பும் ஈரம் பட்டால் மறுபடி கரைந்து ஓடும். பிக்மென்ட் இங்க்கில் நிறம் மிக நுண்ணிய துகள்களாக மிதக்கும். தண்ணீர் காய்ந்ததும் துகள்கள் காகிதத்திலேயே தங்கிவிடும், எளிதில் அசையாது. லேசரில் திரவமே கிடையாது. 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன் என்பவர், மின்னூட்டிய தகட்டில் உலர்ந்த பொடியைத் தூவி, அதைக் காகிதத்துக்கு மாற்றி முதல் நகலை எடுத்தார். இன்றைய ஜெராக்ஸ், லேசர் இரண்டும் அந்த வழியில் வந்தவைதான். டோனர் என்பது பிளாஸ்டிக் கலந்த பொடி. அது சூட்டில் உருகிக் காகித நாரைப் பிடித்துக்கொள்கிறது. மழையில் நனைந்தால் காகிதம் கிழியலாம், எழுத்து ஓடாது.

என் மறைப்பு ஒரு பெரியவரோடு முடியவில்லை. உறவுக்காரப் பையன் ஒருவன் பாப்பிரெட்டிப்பட்டியில் சின்ன அலுவலகம் போட்டான். "அண்ணா, நீங்க வச்சிருக்கிற மிஷின் எப்படி, வாங்கலாமா?" என்று போனில் கேட்டான். "அருமையா ஓடுது, தாராளமா வாங்கு" என்றேன். வேண்டாம் என்று சொன்னால், நான் ஏமாந்தது வெளியே தெரியும். அந்த ஒரு வெட்கத்துக்காக அவன் காசையும் அதே குழியில் தள்ளினேன். அவன் வாங்கிய மிஷின் ஒரு கோடைகூடத் தாண்டவில்லை. அவன் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அவனிடம் அன்று சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். முதலில் நீ அடிக்கும் காகிதம் எங்கே போகப்போகிறது என்று பார். ஒப்பந்தம், உறுதிமொழி, ரசீது என்று வருடக்கணக்கில் வீட்டில் இருக்க வேண்டிய காகிதம் என்றால், கருப்பு லேசரைத் தவிர வேறெதையும் யோசிக்காதே. 12ஏ போன்ற கார்ட்ரிட்ஜ் ஒன்று சுமார் 2,000 பக்கம் வரும். ஒரிஜினல் விலை கூடுதல் என்பதால் நம் ஊர்களில் எல்லோரும் பவுடர் ரீஃபில் செய்கிறார்கள். செய்யலாம், ஆனால் சில முறைக்குப் பிறகு டிரம் தேய்ந்து பக்கத்தின் நீளத்துக்குக் கருப்புக் கோடு விழும். அப்போது கார்ட்ரிட்ஜை மாற்றிவிட வேண்டும், கோடு விழுந்த பக்கத்தை மக்கள் தலையில் கட்டக் கூடாது. பிரதர் மிஷின்களைப் போல டோனர் தனி, டிரம் தனி என்று இருப்பவையும் உண்டு. டிஎன்-2365 டோனர் சுமார் 2,600 பக்கம், அதன் டிரம் சுமார் 12,000 பக்கம். வாங்கும்போதே டிரம் விலையையும் கேட்டுக்கொள். மிஷினைக் கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் சொருகாதே, நேராகச் சுவர் பிளக்கில் கொடு.

கலர் வேண்டும், செலவும் குறைய வேண்டும் என்றால் இங்க் டேங்க். பல நாடுகளில் கடைக்காரர்கள் பிரிண்டருக்கு வெளியே பாட்டிலைக் கட்டி, ட்யூப் இழுத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து எப்சன் நிறுவனமே 2010-ல் இந்தோனேசியாவில் டேங்க் வைத்த பிரிண்டரை முதலில் விற்றது. இன்று பரவலாகக் கிடைக்கும் எப்சன் 003 கருப்பு பாட்டில் 65 மில்லி, சுமார் 4,500 பக்கம். பாட்டில் 400 ரூபாய் என்றே வைத்தாலும் பக்கத்துக்கு 9 பைசாவுக்குள் அடங்கிவிடும். என் பழைய மிஷினின் ஒன்றரை ரூபாயை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே மனம் கசக்கிறது. ஆனால் கவனி, அந்த 003 கருப்பும் டை இங்க்தான். கேனன் ஜி2010 வரிசை, ஹெச்பி இங்க் டேங்க் ஆகியவற்றின் கருப்பு மை பிக்மென்ட். கலர் மைகள் டை. எப்சனிலேயே எம்200 போன்ற கருப்பு மட்டும் அடிக்கும் மாடல்களுக்குப் பிக்மென்ட் மை. மாடல்கள் மாறிக்கொண்டே இருக்கும். கடையில் மெமரி எத்தனை எம்பி, நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்று கேட்பதற்கு முன்னால், கருப்பு மை எந்த வகை என்று கேள். சொல்லத் தெரியாவிட்டால் ஒரு பக்கம் அடிக்கச் சொல்லி, காய்ந்ததும் ஈர விரலால் தேய்த்துப் பார்.

ஐடி காப்பி பட்டன் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆதாரின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் ஒரே தாளில் எடுப்பதுதான் நம் கடைகளில் பாதி வேலை. அந்த வசதி இல்லாத மிஷினில் தாளைத் திரும்பத் திரும்ப உள்ளே கொடுத்து, நான் கெடுத்த தாள்கள் ஏராளம். அதற்கும் ஆட்களிடம் காசு வாங்கியிருக்கிறேன்.

இப்போது என் மேசையில் இருப்பது லேசர். கண்ணாடிக் கதவு பழசாகிவிட்டது, மாற்றவில்லை. முத்திரைத்தாள் எதையும் இங்க்ஜெட்டில் அடிப்பதில்லை. இதைத் திருத்தம் என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் அந்தப் பெரியவருக்கு இதனால் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. அவர் கூடுதலாகக் கொடுத்த குத்தகைத் தொகை எவ்வளவு என்று எனக்குத் தெரியும், அடித்தவன் நான்தானே. அந்தத் தொகை நான் அவருக்குப் பட்ட கடன். இந்த வாரம் அந்த ஊருக்குப் போகிறேன். அவர் இல்லாவிட்டால் வீட்டாரிடம் கொடுத்துவிட்டு, காகிதம் கரைந்ததற்குக் காரணம் அவர் அல்ல என்பதையும் சொல்லிவிட்டு வருவேன்.

என் கடையில் பழைய மிஷினில் அடித்த ஒப்பந்தம், ரசீது, உறுதிமொழி எதையாவது வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அது இன்னும் படிக்கும் நிலையில் இருந்தால், பிளாஸ்டிக் உறையில் போட்டு உடனே எடுத்துவாருங்கள். லேசரில் தெளிவான நகல் எடுத்துத் தருகிறேன். ஸ்கேன் செய்து உங்கள் போனிலும் ஏற்றித் தருகிறேன். புதிதாக எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டியது இருந்தால் முத்திரைத்தாள் செலவும் என்னுடையது. ஞாயிற்றுக்கிழமையும் கடையில் இருப்பேன். மழை தொடங்கும் முன் வந்துவிடுங்கள்.