காரைக்குடியில் மா. கிருஷ்ணனை வாசித்தல்

செட்டிநாட்டைக் காண வரும் நண்பர்களுக்கு நாங்கள் வழக்கமாகக் காட்டுபவை வீடுகள். பர்மாத் தேக்குத் தூண்கள், இத்தாலியச் சலவைக்கல், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு சொல்ல எங்களுக்குத் தெரியும். ஆனால் அவ்வீடுகளைச் சூழ்ந்திருக்கும் மண்ணைப் பற்றி, அதன் மரத்தையும் புதரையும் பறவையையும் பற்றி, இங்கு பேச்சு எழுவது அரிது. கடந்த ஓராண்டாக எங்கள் சிறு வாசகர் குழு மா. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகளைச் சேர்ந்து வாசித்து வருகிறது. அந்த வாசிப்பு எங்கள் ஊரை எங்களுக்கு வேறுவிதமாகக் காட்டத் தொடங்கியிருப்பதால் இதை எழுத நேர்ந்தது.

கிருஷ்ணன் 1912இல் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. தமிழைப் பட்டப்படிப்பில் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 1925இல் சென்னைப் பல்கலைக்கழகக் கூட்டத்தில் பேசி அமர்ந்த மாதவையா அங்கேயே உயிர்நீத்தார் என்பது இலக்கிய வாசகர் அறிந்த செய்தி. மகனோ தாவரவியலும் சட்டமும் கற்று, சந்தூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி எனப் பல பணிகள் பார்த்தார். சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தபின் வேறெந்தப் பதவியையும் நாடாமல், எழுத்தையும் புகைப்படத்தையும் மட்டுமே நம்பி வாழ்ந்தார். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950இல் அவர் தொடங்கிய இயற்கைக் குறிப்புப் பத்தி, 1996 பிப்ரவரியில் அவர் மறையும் வரை, ஏறத்தாழ 46 ஆண்டுகள் தொடர்ந்தது. 1968இல் நேரு ஆய்வு நல்கையும் 1970இல் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தன.

ஆங்கிலத்தில் அவரை அறிந்தவர்கள் பலர். ராமச்சந்திர குஹா தொகுத்த நூல் 2000இல் வந்தபின் அந்த வட்டம் மேலும் விரிந்தது. தமிழில் அவர் எழுதியவை நெடுங்காலம் பழைய இதழ்களில் சிதறிக் கிடந்தன. சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்', பெருமாள்முருகன் தொகுத்த 'பறவைகளும் வேடந்தாங்கலும்' ஆகிய இரு நூல்களே அவரைத் தமிழ் வாசகனிடம் மீட்டுத் தந்தன. 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்றொரு துப்பறியும் நாவலையும் அவர் எழுதியிருக்கிறார் என்பது எங்கள் ஊரார் கேட்டுப் புன்னகைக்கும் செய்தி.

அவருடைய தமிழில் அலங்காரம் இல்லை. பார்த்ததைப் பார்த்த அளவிலேயே சொல்லி நிறுத்துகிற நடை. வியப்புச் சொற்களை அடுக்குவதில்லை. விலங்குக்கு மனித குணங்களை ஏற்றுவதும் இல்லை. ஊரார் வழங்கும் பெயர் இருக்கையில் அதையே ஆள்கிறார். காட்டானையைப் பற்றி எழுதியதற்கு இணையான கவனத்தோடு வீட்டுக் கொல்லையில் திரியும் பறவையையும் அணிலையும் பற்றி எழுதினார். வனம் என்பது தொலைவிலுள்ள ஓர் அதிசயம், அதைப் பார்க்கப் பயணச்சீட்டு வாங்க வேண்டும் என்ற எண்ணத்தை அவர் கட்டுரைகள் அமைதியாகக் கலைத்துவிடுகின்றன.

ஒரு நாட்டின் அடையாளம் மாறிக்கொண்டே இருக்கும் மனிதப் பண்பாட்டைவிட அதன் நிலத்திலும் தாவரத்திலும் விலங்கிலும்தான் உறுதியாக இருக்கிறது என்பது கிருஷ்ணன் இறுதிவரை வற்புறுத்திய கருத்து. அயல்நாட்டு மரங்களைச் சாலையோரங்களில் நடுவதை அவர் கடுமையாக எதிர்த்ததன் வேர் இதுவே. மாளிகைகளால் அறியப்படும் ஊரில் அமர்ந்து இதை வாசிக்கையில் முதலில் சற்று முரண்படத் தோன்றியது. ஆனால் எங்கள் ஊர்ப்பெயர்களைச் சொல்லிப் பார்த்தபோது அந்த முரண் தளர்ந்தது. காரை என்னும் முட்செடி மிகுந்திருந்ததால் காரைக்குடி என்பது வழங்கிவரும் விளக்கம். நகரத்தார் கோயில்கள் ஒன்பதில் இலுப்பைக்குடியும் சூரைக்குடியும் உண்டு. ஒன்றில் இலுப்பை, மற்றதில் சிறு கரும்பழம் தரும் சூரை முட்புதர். வேலங்குடி என்னும்போதும் வேலமரமே நினைவில் எழுகிறது. தேக்கு கப்பலில் வந்து இறங்குவதற்கு நெடுங்காலம் முன்பே இம்மண்ணுக்குப் பெயர் சூட்டியவை இந்த எளிய மரங்களும் புதர்களும்தாம்.

எங்கள் தெருவை அடுத்த ஊருணிக் கரையில் இரண்டு இலுப்பை மரங்கள் நின்றன. சில ஆண்டுகளுக்கு முன் கரையை அழகுபடுத்தும் பணியில் அவை வெட்டப்பட்டு, சிமெண்டு நடைபாதையும் அலங்காரப் பனைகளும் வந்தன. கோயில் விளக்குகளுக்கு எண்ணெய் தந்த மரம் அது. இரவில் அதன் பூவை நாடிப் பழந்தின்னி வௌவால்கள் வரும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்ற பழமொழியை இன்றும் சொல்கிறோம். அந்தப் பூவை எங்கள் தெருப் பிள்ளைகள் இனி எங்கே பார்ப்பார்கள் என்பது தெரியவில்லை.

அயல்மரம் என்றதும் இங்கே எவரும் சுட்டுவது சீமைக் கருவேலம். கண்மாய்களை அது அடைத்து நிற்பது உண்மை. அதே மரத்தின் விறகிலும் கரியிலும் சிவகங்கை, இராமநாதபுரச் சீமையின் ஏழைக் குடும்பங்கள் பல அடுப்பெரித்ததும் உண்மை. கிருஷ்ணனின் கொள்கையில் இந்த இரண்டாவது உண்மைக்குப் போதிய இடமில்லை என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. அவரை மதிப்பதென்றால் அவர் சொன்ன அனைத்துக்கும் தலையசைப்பது ஆகாது. அவர் கற்பித்த பார்வையைக் கொண்டு நம் நிலத்தை நாமே பார்ப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

அப்படிப் பார்க்க எங்களுக்கு வாய்த்த இடம் திருப்பத்தூர் வட்டத்திலுள்ள வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். 1977இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 38.4 ஹெக்டேர்தான். கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாயின் நாட்டுக் கருவை மரங்களில் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் வக்காவும் கூடு கட்டுகின்றன. பறவைகள் அஞ்சுமே என்று தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. வேடந்தாங்கலைப் பற்றி விரிவாக எழுதியவர் கிருஷ்ணன். அவ்வூரார் 1798ஆம் ஆண்டிலேயே ஆட்சியர் லயனல் பிளேஸிடம் தம் பறவைகளுக்காகப் பட்டயம் பெற்றவர்கள். கொள்ளுகுடிப்பட்டியாரிடம் பட்டயம் எதையும் நாங்கள் கேட்கவில்லை. வெடி கேட்டு அழும் பேரப்பிள்ளையை எப்படிச் சமாதானம் செய்வீர்கள் என்று ஒரு பெரியவரிடம் கேட்டோம். "பறவையும் பிள்ளை பெத்து வந்திருக்குல்ல" என்றார்.

கம்பனுக்கு 1939 முதல் விழா எடுத்துவரும் ஊர் எங்களுடையது. அன்றிலைப் பற்றிய பாட்டை உருகிச் சொல்வோர் இங்கு நிறைய உண்டு. அன்றில் அரிவாள்மூக்கன் இனத்துப் பறவை என்று அறிஞர் கருதுவர். அந்த இனத்தின் வெள்ளைப் பறவை கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாயில், காரைக்குடியிலிருந்து பேருந்தில் சென்று காணும் தொலைவில், சேற்றைக் கிளறிக்கொண்டிருக்கிறது. பாட்டிலுள்ள பறவையையும் கண்மாயிலுள்ள பறவையையும் ஒன்றாய்ப் பார்க்கும் கண்ணைத் தமிழ் வாசகனுக்குத் தர முயன்றவர் கிருஷ்ணன். அவர் விட்டுச் சென்றவற்றுள் பெரியது அதுவே என்று கருதுகிறோம்.

இப்போது மாதம் ஒரு கட்டுரை வாசித்து, மாதம் ஓர் ஊருணிக்கோ கண்மாய்க்கோ செல்கிறோம். அங்குள்ள மரம், செடி, பறவை ஆகியவற்றின் பெயர்களை அவ்வூர்ப் பெரியவர்கள் சொல்லும்படியே குறித்து வைக்கிறோம். அடுத்த மாதம் சூரைக்குடி. சூரை அங்கே இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.