தெற்கு மலையோரம் – 4: மேடு ஏறினால் மொழி மாறும்

கம்பம் பள்ளத்தாக்கு தேனிக்குத் தெற்கே தொடங்கி, லோயர் கேம்ப்பில் மலை குறுக்கே வந்து நிற்கும் இடத்தில் முடிகிறது. கிழக்கே மேகமலையும் வருசநாட்டுத் தொடரும், மேற்கே ஏலமலை. நடுவில் முல்லையாறு ஓடுகிறது. அதையொட்டித் திண்டுக்கல்லிலிருந்து குமுளி வழியாகக் கேரளம் போகும் 183ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊர்கள் இந்தச் சாலையில் அடுத்தடுத்து வருகின்றன. சென்ற பகுதி வைகை அணையில் நின்றது. இது அங்கிருந்து தண்ணீருக்கு எதிர்த்திசையில் போகும் வழி.

மதுரை மாவட்டத்திலிருந்து தேனி தனியாகப் பிரிந்தது 1996-97இல். அதற்கு முன்பு கூடலூர்க்காரர் கலெக்டரிடம் மனு கொடுக்க வேண்டுமென்றால் மதுரைக்குத்தான் பஸ் ஏற வேண்டும். இப்போது மாவட்டத்தில் ஐந்து தாலுகாக்கள், ஆறு நகராட்சிகள். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 12,45,899. பள்ளத்தாக்கின் மேல்பாதிக்கு உத்தமபாளையமே தலைமையிடம். தாலுகா ஆபீஸ், ஆர்.டி.ஓ. ஆபீஸ் இரண்டும் அங்கேதான். 1956இல் தொடங்கிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியும் அங்கேதான். பட்டா மாறுதலோ வாரிசுச் சான்றோ, கம்பத்துக்காரர் வடக்கே திரும்பி வந்தாக வேண்டும். வியாபாரத்தில் கம்பம் பெரிய ஊர், நிர்வாகத்தில் உத்தமபாளையம் பெரிய ஊர். இந்தப் பங்கீட்டில் கம்பத்துக்கு இன்னும் மனக்குறை உண்டு.

ஆபீசுகளில் நடக்கும் பேச்சு தமிழ். ஆனால் பள்ளத்தாக்கின் வீடுகள் எல்லாவற்றிலும் தமிழ் பேசுவதில்லை. கம்பம், கோம்பைப் பக்கத்துக் காப்பிலியர் வீட்டில் பேசுவது ஒருவகைக் கன்னடம். போடிப் பக்கத்து ராஜகம்பளத்து நாயக்கர் வீடுகளில் தெலுங்கு. உத்தமபாளையம், கம்பம் ராவுத்தர்களுக்கு வீட்டிலும் தமிழே. கன்னடமும் தெலுங்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன் வடக்கிலிருந்து ஆடு மாடுகளோடும் பாளையங்களோடும் வந்தவை. எழுத்து உடன் வரவில்லை, வந்திருந்தாலும் தங்கவில்லை. கல்யாணப் பத்திரிகை தமிழில், பத்திரம் தமிழில், பிள்ளைகள் படிப்பதும் தமிழில். மொழி நிற்பது உறவுமுறைச் சொற்களிலும் சடங்குகளிலும்தான். கம்பத்தில் நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத் தொழு இருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று நேர்ந்துவிட்ட மாடுகளைப் பார்க்க ஊரே திரளும். அங்கே பெரியவர்கள் தங்களுக்குள் கன்னடத்தில் பேசிக்கொண்டே, கும்பிட வந்தவருக்குத் தமிழில் பதில் சொல்வார்கள். இரண்டு மொழி பேசுகிறோம் என்ற நினைப்பே அவர்களுக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

பள்ளத்தாக்கின் மிகப் பழைய பொதுச் சேவை தண்ணீர். 1886இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. 1887இல் வேலை தொடங்கி, 1895இல் முல்லைப் பெரியாறு அணையை முடித்தவர் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக். மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். குமுளி மலைப்பாதையில் இறங்கும்போது நான்கு ராட்சதக் குழாய்கள் சரிவில் நேராக லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்குவதைப் பார்க்கலாம். மின் உற்பத்திக்குத் தேவைப்படாத தண்ணீர் இரைச்சல் பாலம் வழியாக வெளியேறும். மழைக்காலத்தில் அங்கே பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. பாலத்துக்கு அந்தப் பெயர் வைக்க யாரும் யோசித்திருக்கத் தேவையில்லை.

கீழே, கூடலூரிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் இந்தத் தண்ணீரை நம்பியிருக்கிறது. அணையில் இருப்பு இருந்தால் ஜூன் முதல் தேதி வாக்கில் முதல் போகத்துக்குத் திறப்பார்கள். நாற்றங்கால் போடுவது, உழவு ஓட்டுவது, கடன் கேட்பது எல்லாம் அந்தத் தேதியை வைத்தே. லோயர் கேம்ப்பிலிருந்து மதுரைக்குக் குழாயில் குடிநீர் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது விவசாயிகள் எதிர்த்ததும் இதனால்தான். ஆற்றில் விடுங்கள், வைகை அணையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆற்றில் ஓடும் தண்ணீர் வழியெங்கும் கிணறுகளுக்கு ஊறும், குழாயில் போவது ஊறாது.

பென்னிகுயிக் பிறந்த ஜனவரி 15 இங்கே பொங்கலோடு சேர்ந்து வருவதால், பாலார்பட்டியில் அவருக்கும் சேர்த்துப் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013இல் அவருக்கு மணிமண்டபம் திறந்தார்கள். தேனி புதிய பஸ் நிலையத்துக்கும் அவர் பெயர்தான்.

மருத்துவத்தில் தூரம்தான் சிக்கல். கம்பத்தில் அரசு மருத்துவமனை உண்டு. ஆனால் தலைக்காயம், சிக்கலான பிரசவம் என்றால் 108 வண்டி தேனியையும் தாண்டி, மதுரை சாலையில் உள்ள க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடும். கம்பத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் போல. இடுக்கி மாவட்டத்து எல்லைக் கிராமங்களிலிருந்தும் நோயாளிகள் மலையிறங்கி அங்கேதான் வருகிறார்கள். வரிசையில் மலையாளமும் கேட்கும்.

ரயிலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதையை அகலமாக்குவதற்காக 2010 கடைசியில் நிறுத்தினார்கள். ரயில் மறுபடி தேனிக்கு வந்தது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூனில். அதுவும் பள்ளத்தாக்குக்குள் நுழையாமல் மேற்கே திரும்பிவிடுகிறது. திண்டுக்கல்லிலிருந்து கம்பம் வழியாகப் பாதை வேண்டும் என்ற கோரிக்கை தேர்தலுக்குத் தேர்தல் வரும், போகும்.

பள்ளத்தாக்கின் உண்மையான போக்குவரத்து ஜீப். விடிவதற்கு முன்பே கம்பம், கோம்பை, தேவாரம், போடி ஊர்களில் தூக்குவாளியோடு பெண்கள் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள். ஜீப்புகள் அவர்களை அள்ளிக்கொண்டு கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஏறும். சாயங்காலம் அதே ஜீப்பில் திரும்புவார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவதும் விபத்து நடப்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்ற 2021 ஆணையின் பலன், மாநில எல்லை தாண்டி வேலைக்குப் போகும் இவர்களுக்கு அந்தப் பயணத்தில் கிடைப்பதில்லை.

மேடு ஏறியதும் கணக்கு தலைகீழாகிறது. கீழே பெரும்பான்மை மொழியான தமிழ், தேவிகுளம், பீருமேடு தாலுகாக்கள் உள்ள கேரளத்தில் சிறுபான்மை மொழி. 1955இல் மாநிலச் சீரமைப்பு ஆணையம் செங்கோட்டையையும் குமரிப் பகுதியையும் சென்னை மாநிலத்துக்குக் கொடுக்கவும், இவ்விரண்டு தாலுகாக்களையும் கேரளத்துக்கே விடவும் பரிந்துரைத்தது. தேயிலைத் தோட்டத் தமிழர்கள் அப்படியே அங்கே நின்றுபோனார்கள். கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழரும் கன்னடரும் அரசுக்குத் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் பெறலாம். பத்தாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம்.

சிறுபான்மை மொழி உரிமைக்கு அகில இந்திய அளவுகோலும் உண்டு. ஒரு வகுப்பில் பத்துப் பிள்ளைகளோ ஒரு பள்ளியில் நாற்பது பிள்ளைகளோ இருந்தால் தாய்மொழியில் ஆரம்பக்கல்வி தர வேண்டும் என்று 1949இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் ஒப்புக்கொண்டார்கள். தாய்மொழி ஆரம்பக்கல்வி பற்றிய அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு 1956இல் சேர்ந்தது. ஒரு வட்டாரத்தில் 15 முதல் 20 விழுக்காட்டினர் வேறு மொழி பேசினால் முக்கிய அறிவிப்புகளை அந்த மொழியிலும் வெளியிடலாம் என்றது அதே ஆண்டின் மத்திய அரசுக் குறிப்பாணை. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் இதே எண்ணம் சட்டமாகவே இருக்கிறது. அங்கே பிரெஸ்காட்–ரஸ்ஸல் என்ற கிராமப்புற வட்டாரத்தில் பெரும்பாலோர் பேசுவது பிரெஞ்சு. பத்து விழுக்காட்டினர் பிரெஞ்சு பேசும் பகுதிகளில் மாநில அரசு அலுவலகங்கள் பிரெஞ்சிலும் சேவை தர வேண்டும் என்று 1986இல் சட்டம் செய்தார்கள்.

பள்ளத்தாக்கின் கன்னடமும் தெலுங்கும் இந்த அளவுகோல் எதையும் எட்டிப் பிடிக்க முயன்றதாகத் தெரியவில்லை. இங்கே எழுத்தில்லாமல் வாழும் மொழிக்கு அறிவிப்புப் பலகை உதவாது. மலைமேல் தமிழுக்கு எழுத்தும் உண்டு, சட்டமும் உண்டு. அங்கே குறைவது தமிழ் தெரிந்த ஊழியர்கள். சட்டத்தைவிட அதுதான் முக்கியம் என்பது என் எண்ணம். தாலுகா ஆபீசில் நிற்கும் தோட்டத் தொழிலாளிக்குப் பிரிவு எண் சோறு போடாது, மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் வேண்டும்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சபரிமலை சீசனில் நெரிசலுக்காகச் சாலையை ஒருவழியாக்குவார்கள். கேரளம் போகும் வண்டிகளைக் கம்பத்திலேயே கம்பம்மெட்டுப் பக்கம் திருப்பிவிட்டு, திரும்பி வருவதைக் குமுளி வழியாக இறக்குவார்கள். லோயர் கேம்ப் குழாய்களையும் இரைச்சல் பாலத்தையும் பார்க்க நினைப்பவர்கள் கார்த்திகைக்கு முன்பே போய்விடுவது நல்லது.