மனு நம்பரை மறக்காம வாங்கிக்குங்க

எங்க பக்கம் யாராவது கொஞ்சம் அதிகமா நியாயம் பேசினா, "ஏனுங்க, நீங்க என்ன பெரிய கலெக்டரா?"ன்னு கேட்பாங்க. கலெக்டர்னா கேள்வி கேட்கிறவர், மத்தவங்க பதில் சொல்றவங்க. இதுதான் நம்ம மனசுல பதிஞ்சு கிடக்குது. அந்தக் கலெக்டரும், அவருக்கு மேலே இருக்கிற கோட்டையும்கூட ஒரு இடத்துல நின்னு பதில் சொல்லியாகணும்னு எனக்குப் புரிய வச்சது எங்க நொய்யல் ஆறுதான். டவுன்ல இருந்து இதைப் படிக்கிறவங்களுக்கு நொய்யல்னா பஸ்ல போகையில மூக்கைப் பொத்த வைக்கிற ஒரு பாலம், அவ்வளவுதான். அதனால கொஞ்சம் விவரமாவே எழுதுறேன்.

வெள்ளியங்கிரி மலையில பிறந்து, கோயமுத்தூர் வழியா எங்க சூலூரைத் தொட்டு, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களைக் கடந்து காவிரியில கலக்கிற ஆறு இது. வழி நெடுக அணைக்கட்டு, வாய்க்கால், குளம்னு அந்தக் காலத்துலயே சங்கிலி மாதிரி கட்டி வச்சிருக்காங்க. எங்க சூலூர்ப் பெரிய குளம், சின்னக் குளம் எல்லாம் அந்தச் சங்கிலியில ஒரு கண்ணிதான். குளத்துல தண்ணி நின்னா சுத்துப்பட்டுக் கிணறுகள்ல ஊத்து எடுக்கும். நான் வச்சிருக்கிற மூணு ஏக்கர் தென்னையும் அந்த ஊத்தை நம்பித்தான் இருக்குது.

என் அக்காவைக் கட்டிக் கொடுத்தது திருப்பூருக்குக் கிழக்கே, ஆத்தோரத்து ஊருக்கு. கல்யாணம் பேசும்போது எங்க அப்பா முதல்ல எட்டிப் பார்த்தது மாப்பிள்ளை வீட்டை இல்லை, கிணத்தை. "தண்ணி இனிப்பா இருக்குது, புள்ளை பொழைச்சுக்கும்"னு சொல்லிட்டுத்தான் வெத்தலை மாத்தினார். பத்துப் பன்னிரண்டு வருஷத்துல அந்தக் கிணத்துத் தண்ணியை மாடு மோந்து பார்த்துட்டுத் திரும்பிடுச்சு. தென்னை குரும்பையிலேயே கொட்டுச்சு. மஞ்சள் போட்ட காட்டுல மேல வெள்ளையா உப்புப் பூத்துச்சு. ஒறம்பரையா போற நாங்க இங்கிருந்து கேன்ல தண்ணி கொண்டு போவோம். தாய் வீட்டுச் சீர்னா பலகாரம் கொண்டு போவாங்க, நாங்க தண்ணி கொண்டு போனோம்.

சாயத்தண்ணின்னதும் கலர்தான் பிரச்சினைன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. கலரை எடுத்துடலாம். பஞ்சு நூல்ல சாயம் ஏறணும்னா உப்பு வேணும், அதுவும் மூட்டை மூட்டையா வேணும். சாயம் துணியில ஒட்டிக்கும், உப்பு தண்ணியிலேயே தங்கிடும். அப்போ இருந்த சுத்திகரிப்பு நிலையங்கள் கலரை எடுத்துச்சு, உப்பை எடுக்கலை. பார்வைக்குத் தெளிவான தண்ணிதான், வயலுக்கு விஷம். குடிக்கிற தண்ணியில கரைஞ்ச உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருக்கிறது நல்லதுன்னும், வேற வழியே இல்லைன்னா 2,000 வரைக்கும் போகலாம்னும் நம்ம நாட்டு அளவுகோல் சொல்லுது. ஆலையில இருந்து வெளியே விடுற கழிவுக்கு 2,100ங்கிறது வரம்பு. அந்த வரம்பு காகிதத்துல இருந்துச்சு, ஆத்துல இல்லை.

இதுல அரசாங்கம் எங்கே வருதுன்னு கேட்பீங்க. 1989 மார்ச் மாசம் தமிழ்நாடு அரசே ஒரு ஆணை போட்டுச்சு, அரசாணை எண் 213. குறிப்பிட்ட ஆறுகள்ல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள அதிகமா மாசுபடுத்துற தொழிற்சாலை புதுசா வரக்கூடாதுங்கிறது அதோட சாரம். அந்தப் பட்டியல்ல நொய்யலும் உண்டு. அதுக்கு முன்னாடியே 1974-ல தண்ணீர்ச் சட்டம் வந்தாச்சு. 1982-ல மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் வந்தாச்சு. சட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா 90-கள்ல திருப்பூர் பனியன் உலகமெல்லாம் போக ஆரம்பிச்சப்போ ஆத்தோரம் பட்டறை பட்டறையா எழும்புச்சு. கரண்ட் கனெக்‌ஷன் கொடுத்தது யாரு, லைசென்ஸ் கொடுத்தது யாரு? முதலாளி லாபத்துக்கு ஓடுறவர், அவர் ஓடுவார்னு எல்லாருக்கும் தெரியும். கோடு போட்டவங்க அந்தக் கோட்டைக் காக்கலைங்கிறதுதான் பெரிய குத்தம்.

இன்னொரு பக்கம் அதே அரசாங்கம் 1992-ல சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்துல நொய்யல் மேல அணையைத் திறந்துச்சு. பத்தாயிரம் ஏக்கருக்கு மேல பாசனம்னு சொல்லித்தான் கட்டினாங்க. மேலே சாயத்தண்ணி, கீழே அணை. என்ன ஆகும்? அணை சாயக்கிடங்காப் போச்சு. சில வருஷத்துலயே கீழ்ப் பாசன விவசாயிங்க, "தயவு செஞ்சு தண்ணி திறந்து விடாதீங்க"ன்னு கேட்கிற நிலைமை வந்துடுச்சு. அணைக்காரன்கிட்ட தண்ணி வேண்டாம்னு கெஞ்சின விவசாயியை நீங்க வேற எங்கே பார்த்திருக்கீங்க?

அப்புறம்தான் விவசாயிங்க கோர்ட் படி ஏறினாங்க. அவங்களுக்குக் கைகொடுத்தது வேலூர் தோல் கழிவு வழக்கு. 1996 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் அந்த வழக்குல சொன்ன ரெண்டு விஷயம் இன்னைக்கும் நாட்டுக்கே அடிப்படை. கெடுத்தவன்தான் செலவை ஏத்துக்கணும்ங்கிறது ஒண்ணு. கெடுதல் வர்றதுக்கு முன்னாடியே தடுக்கணும், முழு நிரூபணம் வரட்டும்னு காத்திருக்கக் கூடாதுங்கிறது இன்னொண்ணு. அந்தத் தீர்ப்பை ஒட்டி நஷ்ட ஈடு கணக்கிட ஒரு ஆணையமும் அமைச்சாங்க. 2004 கடைசியில நொய்யல் விவசாயிங்க 28 ஆயிரம் பேருக்கு மேல சுமார் 25 கோடி ரூபாய் கொடுக்கணும்னு அது சொல்லுச்சு. கேட்க பெருசாத்தான் இருக்குது. வகுத்துப் பாருங்க, ஒருத்தருக்கு ஒன்பதாயிரம்கூட வரலை. ஒரு கறவை மாடு அந்தக் காசுக்கு வராது. இருந்தாலும் எங்க மாமா அந்தக் காகிதத்தை பீரோவுல பத்திரத்தோட வச்சிருக்கார். "பணம் கெடக்குது விடு மாப்ளே. நம்ம காடு கெட்டது நெசம்னு முத்திரை போட்டு எழுதிக் கொடுத்திருக்காங்கல்ல"ன்னு சொல்வார்.

நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம்னு விவசாயிங்க அமைச்ச சங்கம் போட்ட வழக்குல 2006 டிசம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லுச்சு. ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே வராத அமைப்பைச் செய்யணும், அதுவரைக்கும் விடுற கழிவுக்கு லிட்டருக்கு இத்தனை பைசான்னு அபராதம் கட்டணும். சாயப்பட்டறைக்காரங்க உச்ச நீதிமன்றம் போனாங்க. 2009 அக்டோபர்ல அங்கேயும் விவசாயிங்க பக்கம்தான் தீர்ப்பு. செஞ்சு முடிக்க மூணு மாசம் கெடு. கெடு போச்சு, ஆறு அப்படியே இருந்துச்சு. விவசாயிங்க மறுபடி போய் நீதிமன்ற அவமதிப்புன்னு வழக்குப் போட்டாங்க. 2011 ஜனவரி 28-ல உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறை, பொதுச் சுத்திகரிப்பு நிலையம் எல்லாத்தையும் மூடச் சொல்லி, கரண்ட்டையும் புடுங்கச் சொல்லுச்சு. எழுநூறுக்கு மேல பட்டறைங்க மூடினாங்க. 1989 ஆணையில இருந்து எண்ணினா 22 வருஷம்.

இந்த இடத்துல கைதட்டிட்டு முடிச்சா கதை நல்லாத்தான் இருக்கும். ஆனா எங்க பெரியப்பா பேரன் ஒருத்தன் அப்போ ஒரு சாயப்பட்டறையில வேலை பார்த்துட்டு இருந்தான். மூடினதும் வாடகை கொடுக்க முடியாம பொண்டாட்டி புள்ளையோட ஊருக்கு வந்துட்டான். அந்த மாசி மாசம் ஒரு சடங்கு வீட்டுப் பந்தியில அவனும் எங்க மாமாவும் எதிரெதிரா உட்கார வேண்டியதாப் போச்சு.

"உங்க காட்டுக்கு ஞாயம் கெடச்சுடுச்சுங்க மாமா. என் புள்ளை ஸ்கூல் பீஸை எந்தக் கோர்ட்டுல கேக்கறது?"ன்னான்.

மாமா சாப்பிடுறதை நிறுத்திட்டு, "நீயும் கேளு கண்ணு. நான் கேட்ட அதே எடத்துல நீயும் கேக்கோணும். 89-லயே தடுத்திருந்தா உனக்கு இந்தக் கதி வந்திருக்காது"ன்னார்.

அவன் ஒண்ணும் பேசலை. ஆனா அந்தப் பதில் எனக்குள்ள தங்கிடுச்சு. ஆறா, வேலையான்னு நம்மை மோத விடுறாங்களே, அது சட்டத்தைச் சரியான நேரத்துல செய்யாம விட்டதால வந்த மோதல். முன்னாடியே செஞ்சிருந்தா கொஞ்சம் கொஞ்சமா முடிஞ்சிருக்கும். 22 வருஷம் தள்ளிப் போட்டு ஒரே நாள்ல மூடினா கூலிக்காரன் தலையிலதான் விழும். அப்புறம் வடிகட்டுற மெஷின், கொதிக்க வச்சு உப்பைப் பிரிக்கிற மெஷின்னு போட்டு, தண்ணியையும் உப்பையும் திரும்பப் பயன்படுத்தி, பட்டறைங்க ஒவ்வொண்ணாத் திறந்தாங்க. திருப்பூர் செத்துடும்னு சொன்னாங்க, சாகலை. ஆனா சின்னப் பட்டறைக்காரங்க பலபேர் அந்தச் செலவைத் தாங்க முடியாமப் போயிட்டாங்க. அதையும் சொல்லணும்.

சரி, இப்போ எங்க ஊருக்கு வர்றேன். சூலூர் திருப்பூருக்கு மேலே இருக்குது. எங்களுக்கு வர்றது சாயத்தண்ணி இல்லை, மேலே இருக்கிற ஊர்களோட சாக்கடை. குளத்துல ஆகாயத்தாமரை அடைஞ்சு கிடக்குது. என் கிணத்துத் தண்ணியைக் கொடுத்து பரிசோதிச்சேன், உப்பு 1,900 காட்டுச்சு. பத்து வருஷம் முன்னாடி 1,100 இருந்துச்சு. தென்னை தாங்குது, சின்ன வெங்காயம் தாங்கலை. இதுல கைநீட்டிக் காட்ட முதலாளி யாரும் இல்லை. கோயமுத்தூர்ல நல்ல வீட்டுல இருந்துக்கிட்டு என் எழுத்தைப் பாராட்டுறீங்களே, உங்க வீட்டுக் குளியலறைத் தண்ணியும் இதுல இருக்கலாம். கோவிச்சுக்காதீங்க. உங்களைக் குத்தம் சொல்றதுக்காக இதை எழுதலை. சாக்கடையைச் சுத்தம் பண்ணி விடுறது தனி மனுசன் வேலை இல்லை, உள்ளாட்சியோட சட்டப்பூர்வமான கடமை.

"நிதி இல்லீங்க, திட்டம் மேல போயிருக்குதுங்க"ன்னு பதில் வரும். இதுக்கும் பழைய மருந்து ஒண்ணு இருக்குது. 1980-ல மத்தியப் பிரதேசத்துல ரத்லாம்னு ஒரு ஊர் நகராட்சி, சாக்கடை கட்டப் பணம் இல்லைன்னு உச்ச நீதிமன்றத்துல சொல்லுச்சு. மக்களோட கண்ணியத்தையும் சுகாதாரத்தையும் காக்கிற கடமையில இருந்து பணம் இல்லைன்னு சொல்லித் தப்பிக்க முடியாதுன்னு நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். வாளையாறு தாண்டினா வர்ற பாலக்காட்டுல பிறந்தவர்தான். 1991-ல உச்ச நீதிமன்றம், சுத்தமான தண்ணியும் காத்தும் அரசியல் சட்டம் 21-ஆவது பிரிவு சொல்ற உயிர் வாழும் உரிமைக்குள்ளேயே அடங்கும்னு சொல்லியாச்சு. வெளிநாட்டுலயும் இதே கதைதான். 2024 ஏப்ரல்ல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துல சுவிட்சர்லாந்து அரசாங்கத்தையே ஜெயிச்சது யார் தெரியுங்களா? வெயில் தாங்க முடியலைன்னு வழக்குப் போட்ட பாட்டிமாருங்க, ரெண்டாயிரம் பேருக்கு மேல. அவ்வளவு பணக்கார நாடே, பருவநிலையைக் காக்கப் போதுமானதைச் செய்யலைன்னு கைகட்டி நிக்க வேண்டியதாப் போச்சு.

என் பையனுக்கு இதெல்லாம் பிடிக்கலை. "உங்களுக்கு எதுக்குப்பா ஊர் வம்பு? நாளைக்கு பட்டா மாத்த, கரண்ட் கம்பம் மாத்த அதே ஆபீசுக்குத்தானே போகணும்?"ங்கிறான். அவன் சொல்றதும் பொய் இல்லை. கையெழுத்துக் கேட்டுப் போனப்போ பதினாலு வீட்டுல ஆறு வீட்டுலதான் போட்டாங்க. மத்தவங்க காப்பி கொடுத்து நல்லாப் பேசி அனுப்பினாங்க. பயம் யாருக்கும் குறைவில்லை. மாமாவுக்கும் இருந்துச்சு. அவரோட சங்கத்துல முதல் கூட்டத்துக்கு வந்தவங்களை விட வராதவங்கதான் அதிகம்னு சொல்வார்.

அதனால நான் பெருசா ஒண்ணும் பண்ணலை. விவசாயிகள் குறைதீர் கூட்டத்துல மனு கொடுத்து நம்பர் வாங்கியாச்சு. பத்து ரூபா கட்டி, தகவல் உரிமைச் சட்டத்துல ரெண்டே கேள்வி: எங்க குளத்துக்கு மேலே எத்தனை இடத்துல சாக்கடை கலக்குது, கடைசியா எப்போ தண்ணி எடுத்துச் சோதிச்சாங்க? முப்பது நாளைக்குள்ள பதில் வரணும். வந்தாலும் வராட்டியும் அந்தக் காகிதத்தை எடுத்துட்டு அக்டோபர் 2 கிராம சபையில தீர்மானம் கேட்கப் போறோம், ஆறு வீட்டுக்காரங்களும். எங்க மாமா கொடுத்த புத்தி இது. வாயால கேட்டா மறந்துடுவாங்க, நம்பர் போட்ட காகிதம் மறக்காது. நாளைக்குக் கோர்ட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி, "நீங்க யார்கிட்ட முறையிட்டீங்க, எப்போ?" என்பதுதான்.

உங்க ஊர்லயும் ஒரு வேலை பண்ணுங்க. உங்க தெருச் சாக்கடை கடைசியா எந்தக் குளத்துல, எந்த ஆத்துல போய்ச் சேருதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. பதில் சொல்ல வேண்டியவங்ககிட்ட எழுதிக் கேளுங்க. மனு நம்பரை மறக்காம வாங்கிக்குங்க.

அடுத்த பதிவுல, உப்புத் தண்ணியிலயும் தாங்குற தீவனச் சோளம் பத்தி எழுதுறேன். மாடு இருக்கிறவங்களுக்கு உதவும்.