இரண்டு வீடுகளுக்கு நடுவே இரண்டு மாதம்



உங்கள் வீட்டிலோ, அயல் வீட்டிலோ மத்திய கிழக்குக்குப் போய் வந்த பெண் ஒருத்தி இருப்பாள். அவள் கொண்டு வந்த பெட்டியை ஊரே பார்த்திருக்கும். மனதில் கொண்டு வந்ததை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நானும் அப்படி வந்தவள்தான். குவைத்தில் ஜஹ்ரா பகுதியில் ஒரு குடும்பத்தோடு இரண்டு வருடங்கள் இருந்துவிட்டு, இரண்டு மாத விடுமுறையில் கிண்ணியாவுக்கு வந்திருக்கிறேன்.

கட்டுநாயக்காவில் இறங்கி, குருநாகல், தம்புள்ள, ஹபரணை, கந்தளாய் என்று இரவு முழுவதும் வேனில் வந்தோம். சீனன்குடாவைத் தாண்டிக் கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது விடிந்துவிட்டது. 2009ஆம் ஆண்டு இந்தப் பாலம் திறக்கப்படும்வரை பாதையில் ஏறித்தான் ஊருக்குள் வரவேண்டும். நான் சிறுமியாக இருந்தபோது உம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பாதைக்காகக் காத்து நின்றது நினைவுக்கு வந்தது. இப்போது சில நிமிடத்தில் கடந்துவிட்டோம். ஆனால் வீட்டு வாசலில் நின்ற என் மகளிடம் போய்ச் சேர அதைவிட நீண்ட நேரம் எடுத்தது.

அவளுக்கு இப்போது ஆறு வயது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனில் முகம் பார்த்துப் பேசியவள்தான். என்னைக் கண்டதும் உம்மம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். "உம்மா வந்திருக்கா, போ மகள்" என்று எல்லோரும் தள்ளிவிட்டார்கள். தள்ளவேண்டாம் என்று நான்தான் சொன்னேன். நான்கு நாள் என்னோடு தூங்கவில்லை. ஐந்தாம் நாள் தலைவாரிவிடச் சீப்பைக் கொண்டு வந்து மடியில் வைத்தாள். சகோதரிகளே, நான் கொண்டு வந்த பொம்மைகள் செய்யாததை அந்தச் சீப்பு செய்தது.

அந்த நாட்களில் எனக்கு இன்னொரு பிள்ளையின் நினைவும் வந்தது என்று சொன்னால் தவறாக எடுக்காதீர்கள். குவைத் வீட்டின் கடைசிப் பிள்ளையை இரண்டு வயதிலிருந்து நான்தான் பார்த்தேன். அங்கே வீட்டுத் தலைவியை "மாமா" என்றும், வீட்டுத் தலைவரை "பாபா" என்றும் அழைப்போம். ஒரு பெண்ணை மாமா என்று கூப்பிட முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. ரமழான் நடுப்பகுதியில் கர்கியான் இரவுகளில் பிள்ளைகள் புத்தாடை உடுத்து, வீடு வீடாகப் பாட்டுப் பாடி இனிப்பும் பருப்புகளும் வாங்குவார்கள். அந்தப் பிள்ளை தன் பையிலிருந்து முதல் இனிப்பை என் கையில் வைத்தது. அந்த இனிப்பைத் தின்னும்போது கிண்ணியாவில் என் பிள்ளை நோன்பு திறந்தாளா என்றுதான் நினைத்தேன்.

வந்த முதல் வாரம் உடம்பு குவைத் நேரத்திலேயே இருந்தது. நம் நாட்டு நேரம் அங்கிருந்து இரண்டரை மணித்தியாலம் முந்தியது. சுபஹுக்கு உம்மா எழுப்பும்போது எனக்கு நடுச்சாமம்! ஒருநாள் காய்ந்த எலுமிச்சை போட்டு மச்பூஸ் சோறு ஆக்கினேன். "வாசம் நல்லம், கொஞ்சம் சம்பலும் இருந்தால்..." என்றார் கணவர். சம்பலும் மீன் ஆணமும் வைத்துத்தான் எல்லோரும் சாப்பிட்டார்கள்.

அங்கே நான் கற்றுக்கொண்ட ஒன்றைப் போக இருக்கும் சகோதரிகளுக்குச் சொல்லவேண்டும். அந்த வீட்டார் கெட்டவர்கள் அல்லர். ஆனாலும் என் கடவுச்சீட்டு அவர்களின் அலுமாரியில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமையும் விருந்தினருக்குச் சமைத்தேன். வீட்டுப் பணியாளருக்காக 2015ஆம் ஆண்டு குவைத்தில் 68ஆம் இலக்கச் சட்டம் வந்தது. நாளொன்றுக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, வாரத்தில் ஒருநாள் விடுமுறை, வருடத்தில் 30 நாள் சம்பளத்துடன் விடுமுறை, கடவுச்சீட்டை எடுத்து வைக்கக்கூடாது என்றெல்லாம் அதில் உண்டு. இதை நான் அறிந்தது இரண்டாம் வருடத்தில், இன்னொரு வீட்டில் வேலை செய்த ஒரு ராத்தா சொல்லித்தான். முன்பே தெரிந்திருந்தால் மரியாதையாகக் கேட்டிருப்பேன்.

இனி முக்கியமான விடயம். எங்கள் வளவில் ஒரு வீடு யன்னல் மட்டம்வரை எழும்பி நிற்கிறது. என் சம்பளத்தில் எழுந்த சுவர் அது. "இன்னுமொரு இரண்டு வருடம் போனால் கூரை போடலாம். பொம்பிளைப் பிள்ளை இருக்கு, வீடில்லாமல் எப்படிக் கட்டிக் கொடுப்பது?" என்று மச்சிமாரும் அயலவர்களும் சொல்கிறார்கள். மஹர் கொடுக்கவேண்டியவன் ஆண் என்று நம் மார்க்கம் சொல்கிறது. நம் ஊரிலோ பெண்ணைப் பெற்றவர்கள் வீடு கட்டிக் கொடுக்கவேண்டும். ஆறு வயது மகளின் கல்யாணத்துக்காக ஆறு வயது மகளை விட்டுப் போவதா?

கணவரோடு மூன்று இரவு பேசினோம். கட்டிய சுவரில் ஓர் அறைக்கும் குசினிக்கும் மட்டும் தகரம் போட்டுக் குடியேறுவது, நான் வீட்டிலிருந்து தைப்பது என்று முடிவெடுத்தோம். குவைத்துக்குப் போன் எடுத்துச் சொன்னேன். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உன் மகளுக்கு நீ வேண்டும், அல்லாஹ் பரக்கத் செய்வான்" என்றார். பின்னால் சின்னவனின் குரல் கேட்டது. திரும்பி வருவேன் என்று அவனிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அந்த வாக்கை மீறியது இன்னும் உறுத்துகிறது.

எல்லோரும் என்னைப்போல் நிற்க முடியாது என்பது எனக்குத் தெரியும். கடனும் நோயும் உள்ள வீட்டில் போகத்தான் வேண்டியிருக்கும். போய் வருபவளிடம் "என்ன கொண்டு வந்தாய்?" என்று கேட்பதற்கு முன், "சுகமாக இருந்தாயா?" என்று கேளுங்கள். ஆண் மக்களைப் பெற்ற தாய்மாரே, மருமகளிடம் வீடு கேட்பதற்கு முன், அந்த வீட்டின் கற்களை எந்தத் தாய் எங்கிருந்து அனுப்பினாள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

என் மகள் இப்போது என்னோடுதான் தூங்குகிறாள். அல்ஹம்துலில்லாஹ்.