அப்பா போட்ட துவரைச் சால்

சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், ‘வருஷா வருஷம் டி.ஏ.பி போடுகிறேன். ஆனாலும் மண் பரிசோதனையில் மணிச்சத்து குறைவு என்றே வருகிறதே, ஏன்?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதைப் படித்ததும் என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி செம்மண் நிலம். அப்பா ஒருநாளும் சோளத்தைத் தனியாக விதைத்ததில்லை. நாலு சால் சோளம், ஒரு சால் துவரை. பொறுப்பு என் கைக்கு வந்ததும் முதலில் துவரையைத்தான் நிறுத்தினேன். ‘சோளம் அறுத்த பிறகும் தை வரைக்கும் துவரை நிக்குது. ஊர் ஆடு மாடெல்லாம் நம்ம கொல்லையிலதான் மேயுது. காவலுக்கு யாருப்பா போறது?’ என்று சத்தம் போட்டேன். அப்பா பதில் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

தனிச் சோளம் மூன்றாவது வருஷமே தளர்ந்தது. இளம்பயிரின் இலைகள் ஊதா நிறம் காட்டின. ஏக்கருக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி போட்டேன், அடுத்த வருஷம் ஒன்றரை. 50 கிலோ மூட்டையில் 23 கிலோ மணிச்சத்து இருக்கிறது. ஆனாலும் பயிர் தேறவில்லை. உரம் வாங்க அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனதுதான் மிச்சம். அந்த வருஷமே அப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

மண் பரிசோதனை அட்டையில் ‘மணிச்சத்து: குறைவு’ என்று வந்தது. ‘இவ்வளவு போட்டும் எங்க சார் போச்சு?’ என்று வேளாண் அலுவலரிடம் கேட்டேன்.

‘எங்கயும் போகலைங்க. உங்க மண்ணுலதான் இருக்கு. செம்மண்ணுல இருக்கிற இரும்பு அதைக் கெட்டியா பிடிச்சு வெச்சிருக்கு. பயிருக்குக் கிடைக்கிற அளவைத்தான் இந்த அட்டை காட்டும்’ என்றவர், ‘துவரை போடுறதில்லையா?’ என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது.

ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் நிலையத்தில் நடந்த ஆய்வு 1990-ல் வெளியானது. துவரை வேர் பிசிடிக் அமிலம் என்ற ஒன்றைக் கசியவிடுகிறது. அது இரும்போடு சேர்ந்துகொள்ள, இரும்பிடம் சிக்கியிருந்த மணிச்சத்து விடுபடுகிறது. சோள வேரால் எடுக்க முடியாததைத் துவரை எடுத்துக்கொள்கிறது. பிறகு உதிரும் இலையும் மண்ணில் மட்கும் வேரும் அதை அடுத்த பயிருக்குக் கொடுக்கின்றன.

அப்பாவுக்கு அமிலமெல்லாம் தெரியாது. ‘துவரைத் தழை விழுந்த இடத்துல சோளம் கருகருன்னு வரும்’ என்பார். துவரைச் சாலை வருஷா வருஷம் இடம் மாற்றியும் போடுவார்.

இப்போது நான்கு வருஷமாக நானும் அப்படித்தான் போடுகிறேன். துவரை முதலில் மெதுவாக வளர்வதால் சோளத்தை அமுக்குவதில்லை. மாரை விறகுக்கு எடுத்தாலும் உதிர்ந்த தழையைக் கூட்டி அள்ளுவதில்லை. டி.ஏ.பி ஏக்கருக்கு அரை மூட்டையோடு நிற்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. துவரை மணிச்சத்தை உண்டாக்குவதில்லை. பூட்டிக் கிடப்பதைத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். விளைச்சலோடு கொஞ்சம் கொஞ்சமாக அது வெளியே போகும். அதனால் தொழு உரத்தை விட்டுவிடாதீர்கள். சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் கதை வேறு. அங்கே மணிச்சத்தைப் பிடித்து வைப்பது சுண்ணாம்பு. அதைக் கரைக்கும் அமிலங்கள் கொண்டைக்கடலை வேரில் உண்டு.

போன மாசியில் துவரை விற்ற பணத்தில் அம்மாவின் தோட்டை மீட்டுவிட்டேன். பக்கத்துக் கொல்லைக்காரர்கள் இரண்டு பேரும் இப்போது துவரை போடுகிறார்கள். முறை வைத்துக் காவல் காக்கிறோம். எங்கள் முறை வரும்போது நான்தான் போகிறேன்.