உளி மாறும் நேரம்

சூலியா தெருவில் பட்டறைகளைத் தேடிப் போகிறவரின் கண்ணில் முதலில் படுவன தங்கும் விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும்தான். செதுக்கும் தொழில் பக்கத் தெருக்களில் ஒதுங்கியிருக்கிறது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை ஒட்டிய நகைக்கடைகளை நம்பி வாழ்ந்த பத்தர்கள், குவீன் தெருப் பக்கம் மரப்பலகையில் சீன எழுத்து வெட்டிப் பொன்ரேக்கு ஒட்டியவர்கள், ஐந்தடி நடைவழியோரம் முத்திரை வெட்டியவர்கள் என்று, பினாங்கு ஜார்ஜ் டவுனின் இந்தச் சிறு வட்டாரத்தில் உளியை நம்பிப் பிழைத்த கைகள் ஏராளம். 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியது. 2008 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தகுதி கிடைத்தது. கடைவீடுகளின் மதிப்பு ஏறியது; கைத்தொழிலாளர் பலர் வெளியேறினார்கள். இதற்கிடையே, மேசைமேல் வைக்கக்கூடிய, கணினிக் கட்டளைப்படி வெட்டும் சிறு சிஎன்சி ரௌட்டர் இன்று தனியாள் பட்டறைக்கும் எட்டும் விலைக்கு வந்திருக்கிறது. அதனோடு, வெட்டும் பிட்டைத் தானே மாற்றிக்கொள்ளும் டூல் சேஞ்சரையும் சேர்க்கலாமா என்ற கேள்வியை இந்தத் தெருக்களின் வேலையை வைத்தே எடைபோட விரும்புகிறேன். சேர்க்கலாம் என்பதுதான் என் முடிவு. ஆனால் நேரம் மிச்சமாகும் என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்தை நான் ஏற்கவில்லை.

பெயர்ப்பலகை செதுக்குகிறவருக்கு ஒரே உளி போதாது. பின்புலத்தை இறக்க அகன்ற தட்டை உளி, வளைவுக்குக் குழிவு உளி, எழுத்தின் மூலைக்குக் கூர்முனை உளி என்று மேசையில் வரிசையாக இருக்கும். ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றை எடுக்க ஒரு நொடி போதும். எடுத்ததும் ஆழத்தை அளந்துகொண்டிருப்பதும் இல்லை. முந்தைய உளி விட்டுப்போன தளத்தைக் கண்ணும் விரலும் அறிந்திருக்கின்றன; அடுத்த உளி அந்தத் தளத்திலேயே இறங்குகிறது. நகையில் பூவேலை வெட்டுகிற பத்தருக்கும் இது பொருந்தும். கைவேலையில் கருவியை மாற்றுவது வேலையின் ஓட்டத்துக்குள்ளேயே அடங்கிப்போகிறது. இயந்திரத்தில்தான் அது வேலையை அறுக்கிறது. புதிதாக மாட்டிய பிட்டின் நுனி எங்கே இருக்கிறது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. யாராவது சொல்லித்தர வேண்டும்.

சிறு ரௌட்டரில் அதைச் சொல்லித்தருவது இப்படித்தான். இரண்டு ஸ்பேனர் பிடித்துக் பிட்டைப் பற்றியிருக்கும் காலெட் நட்டைத் தளர்த்த வேண்டும். பழைய பிட்டை உருவிப் புதியதைச் செருகி இறுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பிட் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் வேறுபடும் என்பதால், தொடுதகட்டையோ மெல்லிய தாளையோ வைத்து ஆழக் கணக்கின் பூஜ்யத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பலகைக்கு மேல்தளம் சீவ ஒன்று, பின்புலம் இறக்க ஒன்று, எழுத்துகளுக்கிடையே நுழைய மெல்லியது ஒன்று, எழுத்தை வெட்ட வி-பிட் ஒன்று என்று நான்கு பிட்டாவது வேண்டும். பூஜ்யம் பிசகினால் என்னவாகும் என்பதைக் கணக்கே சொல்கிறது. 60 பாகை வி-பிட் 0.3 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினால் கோடு ஏறக்குறைய 0.35 மில்லிமீட்டர் அகலமாகிவிடும். 90 பாகை பிட்டில் அதே பிழை 0.6 மில்லிமீட்டராக வீங்கும். சிறிய எழுத்தில் இது கண்ணை உறுத்தும். ஆழத்தில் நேர்ந்த பிசகு அகலத்தில் போய்த் தெரிவதால், வேலை கெட்ட பிறகும் காரணம் எளிதில் பிடிபடாது. முறையான டூல் சேஞ்சரில் ஒவ்வொரு பிட்டும் தன் சொந்தக் கூம்புப் பிடியில் நிலையாக உட்கார்ந்திருக்கும். அதன் நீளத்தை ஒருமுறை அளந்து அட்டவணையில் பதிந்துவிட்டால், எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் நுனி கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வந்து நிற்கும். செதுக்குகிறவரின் விரல் நினைவில் வைத்திருந்ததை இங்கே அந்த அட்டவணை வைத்திருக்கிறது. டூல் சேஞ்சரால் கிடைக்கும் பெரிய ஆதாயமாக இதைத்தான் கருதுகிறேன்.

நான்கு முறை பிட் மாற்றுவதில் என்ன பெரிதாகப் போய்விடும், அரக்கும் வர்ணமும் காயவே நாட்கள் ஆகுமே என்று கேட்பவர்கள் உண்டு. நேரக் கணக்கு மட்டுமே என்றால் அவர்கள் சொல்வது சரி. 1958இல் அமெரிக்காவின் கியர்னி அண்ட் டிரெக்கர் நிறுவனம் மில்வாக்கி-மேட்டிக் இயந்திரத்தில் தானியங்கி டூல் சேஞ்சரைக் கொண்டுவந்தது பெருந்தொழிற்சாலைகளை மனத்தில் வைத்துத்தான். 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வலயத்தைச் சார்ந்து வளர்ந்த பினாங்கின் நுண்பொறியியல் பட்டறைகளில், ஒரே உறுப்பை ஆயிரக்கணக்கில் வெட்டும்போது ஒவ்வொரு நொடியும் காசு. கடைவீட்டுப் பட்டறையில் நிலைமை வேறு. இன்று வந்த பலகை நாளை வராது. ஆனால் அதை வெட்டிய பிட்டுகள் நாளையும் அவைதான். வேலை மாறிக்கொண்டே இருக்க, கருவிகள் மாறாமல் இருக்கும் இடத்தில்தான் பதிந்துவைத்த நீளங்களுக்கு மதிப்பு அதிகம். தொழிற்சாலையைவிடத் தனியாள் பட்டறைக்கு இது கூடுதலாகவே பொருந்துகிறது.

இதைவிடக் கனமான எதிர்வாதம், இயந்திரம் வந்தாலே கைத்திறம் சாகும் என்பது. அந்தக் கவலை நியாயமானது. ஊரெங்கும் தொங்கும் உயிரற்ற பெயர்ப்பலகைகளே அதற்குச் சாட்சி. ஆனால் அவற்றைக் கூர்ந்து பார்த்தால், பெரும்பாலானவற்றில் முதலிலிருந்து கடைசிவரை ஒரே பிட்டின் ஒரே பள்ளம்தான் தெரிகிறது. பிட்டை மாற்றுவது தொல்லை என்பதால், வரைகிறவர் தொடக்கத்திலேயே ஒரு பிட்டுக்கு ஏற்றபடி வடிவத்தைச் சுருக்கிவிடுகிறார். பின்புலத்தின் இறக்கம், விளிம்பின் உருட்டு, மூலையின் கூர்மை எல்லாம் காகிதத்திலேயே மறைந்துபோகின்றன. மரத்தைத் தட்டையாக்கியதில் மோட்டாரை விட இந்தச் சுருக்கத்துக்குப் பங்கு அதிகம். ஆறு பிட்டுகள் அருகிலேயே காத்திருந்தால், உளி வரிசையை வைத்துச் சிந்தித்த பழைய பழக்கம் திரும்ப வழி உண்டு. எந்த உளிக்குப் பின் எந்த உளி என்று அறிந்த மூத்த செதுக்குநரின் அறிவு அப்போது நேரடியாக நிரலுக்குள் வரும். ஒற்றைப் பிட் இயந்திரத்தில் அதற்கு இடமே கிடையாது. இறுதிச் சீவலும் பொன்ரேக்கும் எப்படியும் கையிடம்தான் இருக்கப்போகின்றன.

செலவும் சூழலும் உண்மையான தடைகள். ஐஎஸ்ஓ20 அல்லது ஐஎஸ்ஓ30 கூம்பு ஏற்கும், பிட்டைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலில் வட்டத்தட்டு ஸ்பிரிங்குகள் பிடியை மேலிழுத்துப் பற்றியிருக்கும். விடுவிக்க மட்டும் சுமார் ஆறு பார் அழுத்தக் காற்று வேண்டும். காற்றோ மின்சாரமோ நின்றாலும் கருவி கீழே விழாது என்பது இந்த அமைப்பின் பெரிய நிறை. ஆனால் கம்பிரசர் இரைச்சல் போடும். பொதுச்சுவரால் ஒட்டிய கடைவீட்டில் அது பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். சத்தம் குறைந்த, எண்ணெயில்லாத சிறு கம்பிரசரே போதும், ஏனென்றால் காற்று தேவைப்படுவது சில நொடிகளுக்குத்தான். அதுவும் கூடாது என்பவர்களுக்கு, நிலையான தட்டிலுள்ள குழிக்குள் ஸ்பிண்டிலே இறங்கிச் சுழன்று காலெட் நட்டைக் கழற்றி மாட்டும் மலிவான முறை ஒன்று இருக்கிறது. ஆனால் அதில் காலெட் ஒவ்வொரு முறையும் சற்றே வேறாக உட்காரலாம். இறுக்கமும் மோட்டாரின் திருப்புவிசையைப் பொறுத்தே அமையும். ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் நீளத்தைத் தானாக அளந்தே ஆக வேண்டும்.

இதனால்தான் கையில் இருக்கும் பணத்தை முதலில் நீளம் அளக்கும் சென்சாரில் போடச் சொல்வேன். கையால் பிட் மாற்றுகிறவருக்கும் அது பாதிப் பிழையைத் தடுத்துவிடும். அடுத்தது கட்டுப்பாட்டு மென்பொருள். சிறு இயந்திரங்களில் பரவலாக உள்ள பழைய ஜிஆர்பிஎல் 1.1 கருவி மாற்றும் எம்6 கட்டளையை ஏற்காது; லினக்ஸ்சிஎன்சி, ஜிஆர்பிஎல்-ஹால் போன்றவை ஏற்கும். கருவி பிடிபட்டதா, விடுபட்டதா என்று தெரிவிக்கும் சென்சார்களைச் செலவு கருதி விட்டுவிடக் கூடாது. அவை இல்லாவிட்டால், பிடி சரியாக மாட்டாத நிலையிலேயே ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 24,000 சுற்று வேகத்தில் ஓடத் தொடங்கிவிடலாம். கூம்பில் மரத்தூள் ஒட்டினால் அதுவரை பேசிய துல்லியமெல்லாம் வீண். ஒவ்வொரு மாற்றத்திலும் காற்று ஊதித் துடைக்க வேண்டும். முத்திரை வெட்டுவதுபோல் ஒரே பிட்டில் முடியும் வேலைக்கு இதில் எதுவும் வேண்டாம். மற்றவர்களுக்கு வேண்டியது பயிற்சி. பினாங்கில் 1989இலிருந்து இயங்கும் திறன் மேம்பாட்டு மையம் ஆலைகளுக்கு ஆள் தயாரிப்பதில் பேர் பெற்றது. கடைவீட்டுப் பட்டறைக்காரர்களுக்கும் அதுபோன்ற இடத்தில் மாலை வகுப்பு ஒன்று தொடங்க வேண்டும். பலகை செதுக்கத் தெரிந்த மூத்தவர் ஒருவரை அதில் மாணவராக மட்டுமன்றி ஆசிரியராகவும் உட்கார வைக்க வேண்டும்.